பரணில் நடந்த பாடம்

ஐந்து வயதுப் பையனை ஒரு மணி நேரம் சத்தமில்லாமல் உட்கார வையுங்கள் பார்ப்போம். வீடே ரெண்டாகிவிடும்! கிளாரா தன் மகனைப் பதினெட்டு மாதங்கள் அப்படி வைத்திருந்தார். சத்தம் வெளியே கேட்டால் மரணம்தான்.

மகன் பெயர் ரோல்ட். துருவப் பயணி ரோல்ட் அமுண்ட்சென் நினைவாக வைத்த பெயர். 1937-ல் ஸோலோச்சிவ் ஊரில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தான். அன்று அது போலந்து, இன்று உக்ரைன். அப்பா ஹிலெல், சிவில் இன்ஜினீயர்.

1941-ல் நாஜிப்படை வந்தது. குடும்பத்தை உழைப்பு முகாமில் அடைத்தார்கள். அங்கிருந்தவர்களைக் கொலை முகாமுக்கு அனுப்பத் தொடங்கியதும், காவலர்களுக்கு லஞ்சம் கொடுத்து மனைவியையும் மகனையும் வெளியே அனுப்பினார் ஹிலெல். அவர் மட்டும் முகாமிலேயே தங்கிவிட்டார்.

மிகோலா டியுக் என்ற உக்ரைனியர் இடம் கொடுத்தார். ஊனிவ் கிராமத்துப் பள்ளிக்கூடத்தின் பரணும் ஒரு சாமான் அறையும்தான் அந்த இடம். தாய், மகன், இரண்டு மாமாக்கள், ஒரு அத்தை என ஐந்து பேர். யூதருக்கு இடம் கொடுத்தால் மரண தண்டனை என்று நாஜிகள் அறிவித்திருந்த காலம். டியுக்குக்கு அது தெரியாதா என்ன?

பரணில் பழைய பாடப்புத்தகங்கள் கிடந்தன. கிளாரா அவற்றை எடுத்து மகனுக்கு வாசிக்கக் கற்றுக்கொடுத்தார். புவியியலை மனப்பாடம் செய்யச் சொன்னார். பிறகு கேள்விமேல் கேள்வி. வாசல் தாண்ட முடியாத பையன் உலக நாடுகளை ஒப்பித்துக்கொண்டிருந்தான்.

1943 ஜூனில் சேதி வந்தது. முகாமிலிருந்து கைதிகளைத் தப்பிக்க வைக்க ஹிலெல் போட்ட திட்டம் வெளியே தெரிந்து, அவரைக் கொன்றுவிட்டார்கள். வாய்விட்டு அழவும் முடியாத இடம் அது. ரிலேட்டிவிட்டி புத்தகம் ஒன்றைப் படித்து ஹிலெல் குறிப்பெடுத்த நோட்டு இருந்தது. மிச்சப் பக்கங்களில் கிளாரா தன் துக்கத்தை எழுதினார். மறுநாள் பாடம் நடத்த அவர் எப்படி உட்கார்ந்திருப்பார்? நினைத்தாலே நெஞ்சை அடைக்கிறது.

1944 ஜூனில் செஞ்சேனை வந்தது. பரணில் இருந்தவர்கள் வெளியே வந்தார்கள். ரோல்டுக்கு ஏழு வயது ஆகப்போகிறது. உறவுக்காரர்களில் பெரும்பாலோர் உயிரோடு இல்லை. கிளாரா மறுமணம் செய்துகொண்டதில் மகனுக்கு ஹாஃப்மன் என்ற குடும்பப் பெயர் வந்தது. 1949-ல் அமெரிக்கா போனார்கள். அங்கே அவன் கற்ற ஆங்கிலம், அவனுக்கு ஆறாவது மொழி!

வேதிவினைகள் எந்த வழியில் நடக்கும் என்பதை விளக்கிய கோட்பாடுகளுக்காக, 1981-ல் வேதியியல் நோபல் பரிசை ஜப்பானின் கெனிச்சி ஃபுகுயியுடன் பகிர்ந்துகொண்டார் ரோல்ட் ஹாஃப்மன். பிறகு கவிதைகளும் நாடகங்களும் எழுதினார்.

2006-ல் தன் மகனோடு ஊனிவ் போனார். அந்த மகனுக்கும் அப்போது ஐந்து வயதில் ஒரு குழந்தை. பரண் அப்படியே இருந்தது. சாமான் அறையைத்தான் காணோம். பக்கத்து அறையோடு சேர்த்து வகுப்பறை ஆக்கியிருந்தார்கள். கெமிஸ்ட்ரி வகுப்பறை!

மூன்று வருடம் கழித்து, அவர் எடுத்த முயற்சியால் ஸோலோச்சிவில், கொல்லப்பட்டவர்களுக்கு ஒரு நினைவுச்சின்னம் எழுந்தது.