கையொப்பமிடும் கை

கட்டிட வேலை பார்க்கும் தோழரைக் கேளுங்கள். கரணை பிடிக்கத் தெரிந்தவரெல்லாம் மேஸ்திரியாகிவிட முடியுமா? முடியாது என்பார். சுவர் சரிந்தால் பதில் சொல்ல வேண்டியவரே மேஸ்திரி என்பார்.

செங்கல் சுவருக்கே இத்தனை கண்டிப்பு என்றால், நொந்த மனத்தைத் தேற்றும் பணிக்கு எத்தனை வேண்டும்!

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தைப் பார்ப்போம். அங்கே மனநல ஆலோசகராக விரும்புவோர், முதுகலைப் பட்டம் பெற்றதுமே தனித்துத் தொழில் நடத்திவிட முடியாது. மேற்பார்வையாளர் ஒருவரின் கீழ் 3,000 மணி நேரம் பணியாற்ற வேண்டும். அதில் 1,500 மணி நேரம், துயருற்று வருவோருடன் நேரில் ஈடுபட்டதாக இருத்தல் வேண்டும்.

அந்த மேற்பார்வையாளர் யார்? முழு உரிமம் பெற்று 60 மாதங்களாவது ஆனவர். மேற்பார்வைக்கென 40 மணி நேரப் பயிற்சியோ, முனைவர் பட்ட நிலையில் அதற்குரிய பாடமோ முடித்தவர். பயிற்சியாளருக்கு நெருங்கிய உறவினராக அவர் இருத்தலாகாது. பயிற்சியாளரின் ஆலோசனைப் பணிகளுக்கு முழுப் பொறுப்பும் அவருடையதே.

நல்ல விதிகள், வரவேற்கிறோம். ஆனால், 5 ஆண்டு உரிமம் வைத்திருந்தவர் நல்ல ஆலோசகராக இருக்கலாம். நல்ல ஆசானாகவும் இருப்பார் என்பதற்கு அது மட்டும் சான்றாகிவிடுமா? கற்பவருக்கு 3,000 மணி. கற்பிப்பவருக்கு 40 மணி! இந்தக் கணக்கு நமக்குச் சரியாகப் படவில்லை.

இன்னொன்றும் உண்டு. வேலை கொடுத்த நிறுவனம் மேற்பார்வைக்கு ஏற்பாடு செய்யாவிட்டால், பயிற்சியாளரே தம் கைக்காசைக் கொடுத்து மேற்பார்வையாளரை அமர்த்திக்கொள்ள நேரிடுகிறது. விதியும் அதற்கு இடம் தருகிறது. காசு கொடுப்பவர் கீழே, கையொப்பமிடுபவர் மேலே. அந்தக் கையொப்பமே அவருடைய பிழைப்பின் திறவுகோல்.

கூலியில் பங்கு பிடிக்கும் மேஸ்திரியை நம் தோழர்கள் அறிவார்கள். அவரிடம் எவர் துணிந்து, "இன்று நான் தவறு செய்துவிட்டேன்" என்று சொல்வார்? மேற்பார்வைக்கு உயிரே அந்த ஒரு வாக்கியம்தான். அது வாய்க்குள்ளேயே அடங்கிவிட்டால் நட்டம் யாருக்கு? கதவைத் தட்டி உதவி கேட்டு வந்த ஏழைக்கு!

மேற்பார்வையாளர்கள் எல்லாரும் அப்படி என்று நாம் சொல்லவில்லை. நல்லவர்கள் நிறைய உண்டு. ஆனால், ஆளின் நல்ல குணத்தை நம்பி ஒரு முறையை விட்டுவைப்பது அறிவுடைமையாகுமா? பயிற்சியாளரின் உழைப்பால் பயன்பெறும் நிறுவனம் எதுவோ, அதுவே மேற்பார்வைச் செலவை ஏற்கட்டும். கற்பிக்கும் கலையில் மேற்பார்வையாளருக்கு இன்னும் நீண்ட பயிற்சி அளிக்கப்படட்டும்.

தகுதி என்பது சுவரில் மாட்டும் சான்றிதழ் அன்று. கீழே நிற்பவர் அஞ்சாமல் உண்மை பேச இடம் தருவதே மேலே நிற்பவரின் தகுதி!