அம்மாவின் பெருவிரலும் 450 ரூபாய் பட்டையும்

விடியும் முன்பே கம்பத்தில் ஜீப் ஏறி, கம்பம்மெட்டு வழியாக ஏலத்தோட்டத்துக்குப் போய் சாயங்காலம் திரும்புகிறார் என் அம்மா. அவர் காலை நான் சரியாகப் பார்த்ததே போன மாதம்தான். பெருவிரல் பக்கத்து விரல் மேல் சாய்ந்து கிடக்கிறது. விரலடியில் எலும்பு புடைத்துச் சிவந்திருக்கிறது. மெட்டியைக் கழற்றி இரண்டு வருஷமாம்!

இதை ஆங்கிலத்தில் பனியன் என்கிறார்கள் (நாம் உள்ளே போடுவது இல்லை :-)). மருத்துவப் பெயர் ஹாலக்ஸ் வால்கஸ்.

காமர்ஸ் படிக்கிறவன் செய்த முதல் காரியம், செலவு. விரலை நிமிர்த்தும் பட்டை ஒன்றை இணையத்தில் 450 ரூபாய்க்கு வாங்கினேன். ராத்திரி கட்டினால் விரல் நேராக நிற்கும், காலையில் கழற்றினால் பழைய இடத்துக்கே போய்விடும். டாக்டர் சிரித்தார். பட்டையும் சிலிகான் திண்டும் வலியைக் கொஞ்சம் குறைக்கலாம், எலும்பை நிரந்தரமாக நிமிர்த்தாதாம். அதற்கு ஆபரேஷன்தான். அதையும் வலியால் நடக்கவே சிரமம் என்றால்தான் செய்வார்கள், அழகுக்காக அல்ல. எலும்பை வெட்டித் திருப்பி வைப்பதால் வாரக்கணக்கில் வேலைக்குப் போக முடியாது. தினக்கூலிக்காரர் என்ன செய்வார்?

1958இல் ஹாங்காங்கில் ஓர் ஆய்வு நடந்தது. ஷூ போட்டவர்களில் 33 சதவீதம் பேருக்கு இந்தக் கோணல் இருந்தது. ஷூ போடாத படகுவாசிகளில் 1.9 சதவீதம்தான். அதற்காக ஷூ மேலேயே முழுப் பழியும் போட முடியாது. வம்சமும் உண்டு. செருப்பே போடாத என் பாட்டிக்கும் இதே விரல்தான்.

ஆனால் வம்சத்தை மாற்ற முடியாது, செருப்பை மாற்றலாம். முன்பக்கம் அகலமான செருப்புதான் முதல் வைத்தியம் என்பது என் கட்சி. சாயங்காலம் கால் சற்று வீங்கியிருக்கும்போது காகிதத்தில் நின்று பாதத்தை வரையுங்கள். அதன்மேல் செருப்பை வையுங்கள். கோடு வெளியே தெரிந்தால் அந்தச் செருப்பு வேண்டாம். சுகர் இருப்பவர்கள் அந்தப் புடைப்பை பிளேடால் சீவுவதோ, ஆணிக்கால் பிளாஸ்திரி ஒட்டுவதோ கூடவே கூடாது. புண்ணானால் ஆறாது. உடனே க.விலக்கு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு வண்டி ஏறுங்கள்.

கடையில் அகலமாகக் கேட்டோம். "லேடீஸ்ல இல்லண்ணே" என்று ஆம்பளைச் செருப்பை எடுத்துப் போட்டார்கள். அம்மா அதைத்தான் போட்டுக்கொண்டு போகிறார். தோட்டத்தில் கொடுத்த ரப்பர் பூட்ஸ் இன்னும் ஒரு சைஸ் சின்னதுதான். பூட்ஸ் கொடுக்கிறவர்கள் ஆளுக்கு ஒரு தடவை கால் அளவு எடுத்தால் என்ன? ஒரு வெள்ளைத்தாள் செலவுதானே. "நீ வந்து கேக்காதடா, வேலைக்குக் கூப்பிட மாட்டாங்க" என்கிறார் அம்மா.

நானே பெரிய சைஸ் வாங்கி வைத்திருக்கிறேன். திங்கட்கிழமை போட்டுப் பார்ப்பாராம்.