கையொப்பத்திற்கு முன் ஒரு வினா

நம் துறையின் தமிழ் மன்றத்தில் அண்மையில் ஒரு சொற்போர் நிகழ்ந்தது. குடியரசுத் தலைவராக நிற்பவர்க்கு வேண்டும் தலையாய பண்பு யாது என்பது பொருள். நடுவர் இருக்கையில் நாம் அமர்ந்திருந்தோம். கல்வியே என்றது ஓர் அணி. எளிமையே என்றது மற்றோர் அணி. இதுவரை வாய்ப்புப் பெறாத குடியில் பிறந்திருத்தலே என்றது மூன்றாம் அணி. வியப்பு என்னவெனில், மூன்று அணியினரும் சான்றுக்கு அழைத்த பெயர் ஒன்றே: டாக்டர் ஏ.பி.ஜே. அப்துல் கலாம். அவையில் இருந்த பெரியவர்களின் முகங்கள் மலர்ந்தன. நமக்கும் பெருமிதமே. ஆயினும் தீர்ப்புச் சொல்ல எழுந்தபோது நெஞ்சில் ஒரு நெருடல். அந்நாற்காலியில் அமர்பவர் நாள்தோறும் செய்யும் வேலை யாது என்பதை மூன்று அணிகளும் தொடாமலே சென்றுவிட்டன. அன்று சொல்ல நேரம் வாய்க்காததை ஈண்டு எழுதுகின்றோம்.

சட்டம் கேட்கும் தகுதிகள் மிகச் சில. அரசியலமைப்பின் 58ஆம் பிரிவு, இந்தியக் குடிமகனாதல், 35 அகவை நிரம்புதல், மக்களவைக்கு நிற்கும் தகுதி பெற்றிருத்தல், அரசின்கீழ் ஆதாயப் பதவி வகியாமை ஆகியவற்றோடு அமைந்துவிடுகிறது. முதலாம் பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டும் வாரியத்திற்கு நிற்பவனுக்கு 35 அகவையையே கீழெல்லையாக வைத்தது. அது வேதம் வல்ல அந்தணர் சபை. உழுதவனுக்கு அங்கே ஓலை இல்லை. அதைக் குடியாட்சியின் தொட்டில் என்று மேடைதோறும் முழங்குவதில் நமக்கு முழு உடன்பாடில்லை. ஆயினும் அக்கல்வெட்டின் ஒரு விதி நம் கருத்தைக் கவர்கிறது. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவனும் அவன் உறவினரும் நிற்கலாகாது என்றது அது. பிறப்பையும் நிலத்தையும் கேட்ட அச்சபை, அவற்றோடு நில்லாமல், பொறுப்பில் இருந்தபோது அவன் நடந்துகொண்ட முறையையும் கேட்டது.

நம் குடியரசுத் தலைவர் ஆள்வதில்லை. ஆள்வோர் கொணரும் தாளில் ஒப்பமிடுகிறார். அமைச்சரவையின் அறிவுரைப்படியே அவர் நடத்தல் வேண்டும். அங்ஙனமாயின் எவர் இருந்தால் என்ன என்று மாணவர் கேட்கலாம். பதவியேற்பு மொழியை ஒப்பிட்டுப் பாருங்கள். அமைச்சர்கள் அரசியலமைப்பிற்கு உண்மையாய் இருப்போம் என்கின்றனர். குடியரசுத் தலைவரோ அதனைக் காப்பேன் என்கிறார். காவலனுக்கு வாள் தரப்படவில்லை. ஒரு பேனா மட்டுமே தரப்பட்டிருக்கிறது. அப்பேனா எப்போது தயங்க வேண்டும் என்பதை அறிந்திருத்தலே அவருடைய தொழில்.

தயங்காத பேனா என்ன செய்யும்? 1975 ஜூன் 25ஆம் நாள் இரவு, நள்ளிரவுக்குச் சற்று முன், நெருக்கடி நிலைப் பிரகடனத்தில் குடியரசுத் தலைவர் ஒப்பமிட்டார். அமைச்சரவை கூடியது மறுநாட்காலையில்! உறங்கி எழுந்த அமைச்சர்கள் நடந்து முடிந்ததைக் கேட்டறிந்தனர். அந்த ஒப்பத்தை இட்டவர் பக்ருதீன் அலி அகமது. கேம்பிரிட்ஜில் பயின்றவர், விடுதலைப் போரில் சிறை சென்றவர், சிறுபான்மைச் சமுதாயத்தவர். சொற்போரில் கேட்ட தகுதிகளுள் கல்வியும் பிறப்பும் அவரிடம் இருந்தன. அவற்றோடு தியாகமும் இருந்தது. "அமைச்சரவை கூடிற்றா?" என்னும் ஒரு வினா மட்டும் அவ்விரவில் எழவில்லை. அவ்வாண்டு டிசம்பரில் அபு ஆபிரகாம் வரைந்த கேலிச் சித்திரத்தில் குடியரசுத் தலைவர் குளியல் தொட்டியில் அமர்ந்தபடியே ஒப்பமிட்டுக் கொடுக்கிறார். சிரிப்பு வரவில்லை, நாணமே வருகிறது.

சிலம்பு பயிலும் மாணவர்க்கு இக்காட்சி புதிதன்று. தேவியின் ஊடல் தணிக்கும் விரைவில் இருந்த பாண்டியனிடம் பொற்கொல்லன் வந்து ஒன்று சொன்னான். மன்னன் கொடியவன் அல்லன். நூல் அறியாதவனும் அல்லன். கோவலனை அழைத்து ஒரு சொல் கேட்டிருக்கலாம். சிலம்பின் பரல் யாது என்று வினவியிருக்கலாம். வினவியது பின்னர், கண்ணகி வாயிலில் வந்து நின்ற பிறகு.

நம் சமுதாயப் பெரியவர்கள் இதனைப் படித்து வருந்தக்கூடும். சாகிர் உசேன், பக்ருதீன் அலி அகமது, அப்துல் கலாம் என மூவரை எண்ணி, 1969இல் சில வாரங்கள் அப்பொறுப்பை ஏற்ற நீதியரசர் இதாயத்துல்லாவையும் சேர்த்து, விரல் மடக்கிப் பெருமை கொள்வது நம் வழக்கம். அப்பெருமையில் பிழையில்லை. ஒதுக்கப்பட்ட குடியில் பிறந்தவர் அம்மாளிகைக்குள் நுழைவது கோடிக் கணக்கான சிறுவர் சிறுமியர்க்கு நிமிர்வைத் தருகிறது. 2022இல் பழங்குடிப் பெண்மணி ஒருவர் முதன்முறையாக அப்பதவியை ஏற்றபோதும் அதனைக் கண்டோம். ஆனால் 1975இன் சிறைகளில் அடைபட்டவர்களுள் நம் சமுதாயத்தவரும் இருந்தனர். ஒப்பமிட்டவர் நம்மவர் என்பது அவர்களுக்கு எவ்வகையில் ஆறுதலாகியிருக்கும்?

அவ்விரவின் பாடம் வீண்போகவில்லை. 1978ஆம் ஆண்டின் 44ஆம் திருத்தம் இரண்டு தாழ்களைப் பூட்டியது. அமைச்சரவையின் முடிவு எழுத்தில் வாராமல் நெருக்கடி நிலையை அறிவித்தல் கூடாது என்பது ஒன்று. எவ்வறிவுரையையும் மறு ஆய்வுக்கென ஒருமுறை திருப்பி அனுப்பலாம் என்பது மற்றொன்று. மீண்டும் அதுவே வந்தால் ஏற்றாக வேண்டும்.

அந்த ஒருமுறையைப் பயன்படுத்தியவர் கே.ஆர். நாராயணன். 1997 அக்டோபரில் உத்தரப் பிரதேச அரசு சட்டமன்றத்தில் பெரும்பான்மையை மெய்ப்பித்த பின்னரும் அங்கே குடியரசுத் தலைவர் ஆட்சியைக் கொணர நடுவண் அமைச்சரவை பரிந்துரைத்தது. அவர் திருப்பினார். 1998இல் பீகாருக்கும் அத்தகைய பரிந்துரை வந்தது, அதனையும் திருப்பினார். முதலில் கேட்டது குஜ்ரால் அரசு. பின்னர்க் கேட்டது வாஜ்பாய் அரசு. கட்சி மாறியது, அவர் கேட்ட கேள்வி மாறவில்லை. தலித் குடியில் பிறந்த முதல் குடியரசுத் தலைவர் என்று அவரைப் பாடநூல்கள் அறிமுகம் செய்கின்றன. நமக்கோ அவர் திருப்பி அனுப்பிய அவ்விரு தாள்களே முதலில் நினைவுக்கு வருகின்றன.

இனி, மாணவர் அனைவரும் அழைத்த சான்றுக்கு வருவோம். 2005 மே மாதம் கலாம் அவர்கள் மாஸ்கோவில் இருந்தபோது, பீகார்ச் சட்டமன்றத்தைக் கலைக்கும் பரிந்துரை தில்லியிலிருந்து நள்ளிரவில் சென்றது, ஒப்பம் பெற்றது. அக்கலைப்பு அரசியலமைப்பிற்கு முரணானது என்று அவ்வாண்டு அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பதவி விலக எண்ணியதாகப் பின்னாளில் அவரே எழுதியுள்ளார். மறைக்காமல் எழுதியது அவர் பெருமை. அதே கலாம் 2006 மே மாதம், ஆதாயப் பதவி பற்றிய சட்ட முன்வரைவை நாடாளுமன்றத்திற்கே திருப்பி அனுப்பினார். அது மாற்றமின்றி மீண்டும் வந்தது; ஒப்பமிட்டார். ஒரே மனிதர், ஒரே எளிமை, ஒரே கல்வி. ஆயினும் இருவேறு தருணங்கள்! கல்வியும் எளிமையும் மட்டும் காரணமாயின் மாஸ்கோவிலும் அது நிகழ்ந்திருக்க வேண்டுமன்றோ?

ஆதலின் வேட்பாளரை நிறுத்துவோர் அவருடைய கடந்த வாழ்வில் தேட வேண்டுவது ஒன்றுண்டு: தமக்கு நன்மை செய்தவரிடமே, தமக்கு இழப்பு வரும் என்று அறிந்தும், "இதனை மீண்டும் எண்ணிப் பாருங்கள்" என்று அவர் என்றேனும் சொன்னதுண்டா? சாகிர் உசேன் 1926 முதல் 1948 வரை ஜாமியா மில்லியாவை வறுமைக்கு நடுவே நடத்தினார். வசதியான வேலைகளை நாடாதிருக்கக் கற்றவர் அவர். அத்தகையோர்க்கு அடுத்த பதவி பற்றிய அச்சம் இராது. கட்சிகளோ பெரும்பாலும் இதற்கு மாறானதையே தேடுகின்றன; தொல்லை தராதவர் என்பதே அவர்கள் அகராதியில் தகுதி. சில வேளை அவர்கள் கணக்கும் பொய்த்துப் போகும். தலைமைக்குப் பணிந்தே பழகியவர் என்று எள்ளப்பட்ட ஜெயில் சிங், 1986இல் பிறர் கடிதங்களைப் பிரிக்க அரசுக்கு இடந்தரும் அஞ்சல் சட்ட முன்வரைவுக்கு ஒப்பமும் இடாமல், திருப்பவும் செய்யாமல் கையிலேயே வைத்துக்கொண்டார். நம் அளவுகோலுக்கு அவர் அடங்கவில்லை, அதனையும் ஒப்புக்கொள்கின்றோம்.

இக்கருத்தைச் சொற்போருக்குச் சில நாள் கழித்து வகுப்பில் உரைத்தோம். முன் இருக்கையிலிருந்து ஒரு மாணவி எழுந்தாள். "ஐயா, திருப்பி அனுப்பிய தாள் அப்படியே மறுபடியும் வந்தால் ஒப்பமிட்டே ஆக வேண்டும் என்கிறீர்கள். பிறகு திருப்பி என்ன பயன்?" என்றாள்.

1997இல் திருப்பி அனுப்பிய தாள் மீண்டும் வரவேயில்லை, அம்மா என்றோம்.