ட்ரோன் அடித்தால் எதிர்மனுதாரர் யார்?

விபத்து வழக்கோடு என் அலுவலகப் படியேறி வருகிறவரிடம் நான் முதலில் கேட்பது வண்டி எண்ணைத்தான். எண் கிடைத்தால் உரிமையாளர் கிடைப்பார். உரிமையாளர் கிடைத்தால் பாலிசி கிடைக்கும். ஓட்டியவர் கையில் காசில்லாவிட்டாலும் காப்பீட்டு நிறுவனத்தை இரண்டாம் எதிர்மனுதாரராகச் சேர்த்து, தீர்ப்பாயத்தில் ஒரு தொகை வாங்கித் தந்துவிடலாம். திருச்சியில் நான் காலம் தள்ளுவது இந்த வேலையில்தான்.

போன முகூர்த்தக் காலத்தில் வந்த ஒரு பெண்மணியிடம் அந்தக் கேள்விக்குப் பதில் இல்லை. கல்யாண மண்டபத்தில் பந்தி பரிமாறப் போனவர். மாப்பிள்ளை அழைப்பை மேலிருந்து படம் பிடித்துக்கொண்டிருந்த ஹெலிகேம், பந்தல் கயிற்றில் சிக்கி அவர் மேல் விழுந்திருக்கிறது. சுழன்றுகொண்டிருந்த இறக்கை கன்னத்தைக் கிழித்துவிட்டது. புருவம் வரை தையல். பறக்கவிட்ட பையன் ட்ரோனைப் பையில் போட்டுக்கொண்டு நகர்ந்துவிட்டான். ஸ்டுடியோக்காரரைக் கேட்டால், “அவன் வெளியாள், நாள் வாடகைக்கு வந்தவன்” என்றாராம். மண்டபத்து மேனேஜர் பெண் வீட்டாரைக் கைகாட்டினார். பெண் வீட்டார் ஆஸ்பத்திரிச் செலவுக்கென்று கொஞ்சம் பணம் கொடுத்தனுப்பியதோடு சரி. ட்ரோன் மேல் எண் ஏதும் இருந்ததா என்று ஒருவரும் பார்க்கவில்லை. பார்க்க வேண்டும் என்பதே யாருக்கும் தெரியாது.

இதற்குச் சட்டம் இல்லாமலில்லை. 2021 ஆகஸ்ட் 25 அன்று மத்திய அரசு ட்ரோன் விதிகளை அறிவித்தது. அதன்படி ஒவ்வொரு ட்ரோனுக்கும் தனிப் பதிவெண் வேண்டும். எடை 250 கிராமைத் தாண்டி, அதை வைத்துத் தொழிலும் செய்தால், ஓட்டுகிறவரிடம் பைலட் சான்றிதழ் இருக்க வேண்டும். அதற்குப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சியும், விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம் அங்கீகரித்த பள்ளியில் பயிற்சியும் தேவை. விமான நிலையச் சுற்றுச்சுவரிலிருந்து 8 கிலோமீட்டருக்குள் அனுமதியின்றிப் பறக்கவிட முடியாது. திருச்சியில் மண்டபங்கள் நெருங்கிக் கிடக்கும் பகுதி பலவும் அந்த வட்டத்துக்குள்தான் வருகிறது. இவற்றோடு மூன்றாம் நபர் காப்பீடும் கட்டாயம்.

அந்தக் காப்பீட்டு விதிதான் என் கவலை. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் வகைமுறைகள், தேவையான மாற்றங்களுடன், ட்ரோன் காப்பீட்டுக்கும் இழப்பீட்டுக்கும் பொருந்தும் என்று அது ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிடுகிறது. என்ன மாற்றம், யார் செய்வது என்ற விவரம் இல்லை. மோட்டார் வாகனம் என்றால் சாலையில் ஓடுவதற்கேற்ற இயந்திர ஊர்தி என்கிறது அந்தச் சட்டம். விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயமும் மோட்டார் வாகன விபத்துக்காகவே அமைக்கப்பட்டது. விமானச் சட்டத்தின்கீழ் வந்த ஒரு விதி, வேறொரு சட்டத்தின் தீர்ப்பாயத்துக்குப் புது அதிகாரம் கொடுக்க முடியுமா? ட்ரோன் வழக்கில் நான் மனுப் போட்டால் எதிர்த்தரப்பு எழுப்பும் முதல் ஆட்சேபம் இதுவாகத்தான் இருக்கும். பிறகு உரிமையியல் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். கோரும் தொகைக்கேற்பக் கட்டணமும் கட்ட வேண்டும். பந்தி பரிமாறிப் பிழைக்கிறவர் எங்கே போவார்?

2025 செப்டம்பரில் சிவில் ட்ரோன்களுக்கென்று தனிச் சட்ட வரைவு ஒன்றை அரசு கருத்துக் கேட்பதற்காக வெளியிட்டது. நல்ல தொடக்கம். ஆனால் வரைவை வைத்து மனுத் தாக்கல் செய்ய முடியாது.

சாலை விபத்தில் பாதிக்கப்பட்டவருக்குக் கிடைக்கும் பிடிமானங்களை எண்ணிப் பாருங்கள். முதல் தகவல் அறிக்கை இருக்கும். மோட்டார் வாகன ஆய்வாளரின் அறிக்கை இருக்கும். இடித்த வண்டி எதுவென்றே தெரியாவிட்டாலும், மரணத்துக்கு 2 லட்சம், கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாய் என்று அரசுத் திட்டம் ஒன்று உண்டு. ஓட்டுநரிடம் லைசென்ஸ் இல்லாத வழக்குகளில்கூட, முதலில் பாதிக்கப்பட்டவருக்குக் கொடு, பிறகு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள் என்று நிறுவனத்துக்கு உத்தரவிடுவது நீதிமன்றங்களில் பழகிவிட்ட வழி. ட்ரோனுக்கு என்ன இருக்கிறது? விபத்து நடந்த 48 மணி நேரத்துக்குள் இணையதளத்தில் தகவல் தர வேண்டும் என்ற விதி ஒன்று இருக்கிறது. தர வேண்டியவர் யார்? அதை ஓட்டியவரே! பையில் போட்டுக்கொண்டு போனவன் வீட்டுக்குப் போய்த் தன் மேலேயே புகார் எழுதுவான் என்று நம்புகிறது விதி. விதிமீறலுக்கு 1 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. அந்தப் பணம் அரசுக்குத்தான் போகும், தையல் போட்டுக்கொண்டவருக்குப் போகாது.

இன்னொரு பெரிய ஓட்டை எடையில் இருக்கிறது. 250 கிராம் வரையுள்ள ட்ரோனுக்குப் பைலட் சான்றிதழும் வேண்டாம், காப்பீடும் வேண்டாம். டிஜேஐ நிறுவனம் 249 கிராமில் ட்ரோன் செய்து விற்பது சும்மா இல்லை. விளையாட்டுக்குப் பறக்கவிடுகிறவருக்கு அந்தச் சலுகை சரி. கூலி வாங்கிக்கொண்டு, முந்நூறு பேர் தலைக்கு மேல் விடுகிறவருக்கும் அதே சலுகை எதற்கு? கண்ணுக்கு அருகே சுழலும் இறக்கை 249 கிராம் ட்ரோனுடையதா 900 கிராம் ட்ரோனுடையதா என்பது மருத்துவச் சான்றிதழில் வராது.

பயிற்சி எதற்கு என்பதும் பலருக்குப் புரிவதில்லை. இந்தப் பையன்கள் பெரும்பாலும் யூடியூப் பார்த்துக் கற்றவர்கள். கை நன்றாகவே வரும். படத்தில் குறை சொல்ல முடியாது. ஆனால் சிக்னல் அறுந்தால் ட்ரோன் தானாகக் கிளம்பிய இடத்துக்குத் திரும்பும். அப்போது ஏற்கெனவே குறித்து வைத்த உயரத்துக்கு ஏறி, நேர்கோட்டில் வரும். அந்த உயரத்தைவிடப் பக்கத்துக் கோயில் கோபுரமோ செல்போன் டவரோ உயரமாக இருந்தால் என்னாகும்? தகர ஷெட்டும் இரும்புத் தூணும் திசைகாட்டியைக் குழப்பினால் என்ன செய்வது? இதையெல்லாம் படம் கெடுவதற்கு முன்பல்ல, ஆள் அடிபடுவதற்கு முன்பு யோசிக்கச் சொல்லித் தருவதுதான் பயிற்சிப் பள்ளி. குரோம்பேட்டை எம்.ஐ.டி. வளாகத்தில் அண்ணா பல்கலைக்கழகமே அப்படிப் பயிற்சி தருகிறது.

“இருக்கிற கடனே போதாதா சார், இதற்கும் பணம் கட்டணுமா?” என்று ஸ்டுடியோ நடத்தும் தம்பிகள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. 2021 விதிகள் படிவங்களை 25இலிருந்து 5ஆகவும், கட்டண வகைகளை 72இலிருந்து 4ஆகவும் குறைத்தன. தொழில் வளர்ந்ததில் அதற்குப் பங்குண்டு. பழையபடி ஃபைல் தூக்கி அலையவைப்பதை நானும் விரும்பவில்லை. இன்னொரு சிக்கலும் இருக்கிறது. 2022 பிப்ரவரியில் வெளிநாட்டு ட்ரோன் இறக்குமதிக்குத் தடை வந்தது. கல்யாண வீடுகளில் பறப்பதில் பெரும்பாலானவை வெளிநாட்டுச் சரக்கு. பலவற்றுக்குப் பதிவெண் இல்லை. பதிவெண் இல்லாத ட்ரோனுக்குப் பாலிசி எடுத்தாலும், இழப்பீடு கேட்கும்போது நிறுவனம் கையை விரிக்க அதுவே போதும். ஏற்கெனவே நாட்டுக்குள் இருக்கும் ட்ரோன்களைப் பதிந்துகொள்ள அரசு இன்னொரு முறை அவகாசம் தரட்டும். அபராதம் போடாமல் தரட்டும்.

ஆனால் காப்பீட்டில் மட்டும் விட்டுக்கொடுக்கக் கூடாது. அது தம்பிகளுக்கும்தான் பாதுகாப்பு. பாலிசி இல்லாதவன் மேல் தீர்ப்பு வந்தால் ஜப்தி வருவது அவன் வீட்டுக்கு. தினக்கூலிக்கு ஆட்டோ ஓட்டுகிறவரே ஆண்டுதோறும் பிரீமியம் கட்டும்போது, ஒரு கல்யாணத்துக்குப் பல ஆயிரம் வாங்கும் தொழில் கட்ட முடியாதென்பதை நான் ஏற்கவில்லை.

டெல்லி செய்ய வேண்டியவை நான்கு. ட்ரோன் விபத்தை விசாரிக்கும் அதிகாரத்தைத் தீர்ப்பாயத்துக்குச் சட்டத்திலேயே கொடுக்க வேண்டும். வண்டி எண்ணைப் போட்டால் காப்பீட்டுத் தேதி தெரிவதுபோல, ட்ரோன் எண்ணைப் போட்டாலும் தெரிய வேண்டும். இடித்துவிட்டு ஓடிய வண்டிக்கான நிவாரணம் அடையாளம் தெரியாத ட்ரோனுக்கும் வேண்டும். கூலிக்குப் பறக்கும் ட்ரோன் எந்த எடையானாலும் காப்பீடு வேண்டும்.

டெல்லி மெதுவாகத்தான் நகரும். மண்டப உரிமையாளர்கள் அப்படிக் காத்திருக்க வேண்டியதில்லை. புக்கிங் ரசீதின் பின்னால் மணமக்கள் வீட்டாருக்கு நிபந்தனைகள் அச்சடிக்கிறீர்களே, அதில் இன்னொரு வரி சேருங்கள்: பதிவெண்ணும், பைலட் சான்றிதழும், நடப்பிலுள்ள காப்பீடும் காட்டாத ட்ரோனுக்கு இங்கே அனுமதியில்லை. அடுத்த ரசீதுப் புத்தகம் அச்சாகும்போதே இதைச் செய்யலாம். செய்யாத மண்டபத்தை, ட்ரோன் ஆள் கிடைக்காத வழக்கில் முதல் எதிர்மனுதாரராகச் சேர்க்க என்னைப் போன்ற வக்கீல்கள் தயங்கமாட்டோம்.