சத்திரத்து ஊரில் ஒரு புத்தகக் கடை

சென்னையிலிருந்து திருப்பதி போகும் சாலையில், திருவள்ளூரைத் தாண்டி, திருத்தணிக்கு முன்னால் வருகிறது கனகம்மாசத்திரம். பெயரிலேயே சத்திரம் இருக்கிறது. இந்த மாதிரி ஊரில் புத்தகக் கடை வைத்தால் என்ன கிடைக்கும்? பணக்கணக்கு போட்டால் கொஞ்சம்தான். மனக்கணக்கு போட்டால் நிறைய!

சிறு ஊர்க் கடைக்காரர் புத்தகம் மட்டும் விற்றுப் பிழைக்க முடியாது. ஜூன் மாதம் பள்ளி திறந்தால் நோட்டு, பேனா, அட்டை போடும் பழுப்புத் தாள், லேபிள் என்று கடை திருவிழாவாகிவிடும். நோட்டு வாங்க வரும் பிள்ளை, அம்மா காசு எண்ணிக் கொடுக்கும் நேரத்தில் கதைப் புத்தகத்தைப் புரட்டும். "கசக்காம பாரு கண்ணு" என்று சொல்லிவிட்டு, அவர் பார்க்காத மாதிரி திரும்பிக்கொள்வார். அந்தப் பிள்ளை அடுத்த மாதம் சில்லறையோடு தனியாக வந்து நிற்கும். அன்றைய வியாபாரம் எவ்வளவு என்பது அப்புறம்தான்.

ஆடிக் கிருத்திகை வந்தால் காவடிக் கூட்டம். "கண்ணாடி போடாம படிக்கிற மாதிரி கவசம் குடுப்பா" என்று கேட்கும் பாட்டிக்குப் பெரிய எழுத்துப் புத்தகத்தை எடுத்து வைத்திருப்பார். டிசம்பர் 31 திருத்தணியில் படித் திருவிழா. மலையின் 365 படிகளிலும் திருப்புகழ் ஒலிக்கும். அப்போது திருப்புகழ் கேட்டு வருவார்கள்.

அந்தத் திருப்புகழ் சும்மா கைக்கு வந்துவிடவில்லை. வடக்குப்பட்டு சுப்பிரமணிய பிள்ளை ஊர் ஊராகத் தேடி ஏடுகளைச் சேர்த்து, 1894-ல் முதல் பகுதியை அச்சுக்குக் கொண்டுவந்தார். அவர் மகன் வ.சு.செங்கல்வராய பிள்ளை உரை எழுதினார். அவரைத் 'தணிகைமணி' என்றே தமிழுலகம் அழைத்தது. தேடிப் பிடித்து, வேண்டியவர் கையில் சேர்ப்பது அப்பாவும் மகனும் செய்த வேலை. புத்தகக் கடைக்காரர் தினமும் செய்வதும் அதன் சின்ன வடிவம்தான்.

எல்லைப் பகுதி என்பதால் இன்னொரு சுவையும் உண்டு. திருத்தணி அன்றைய சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது 1960 ஏப்ரல் 1-ல். கோடு மாறினாலும் நாக்கு மாறவில்லை. தெலுங்கில் விலை கேட்டு, தமிழில் பேரம் பேசி, இரண்டு மொழியிலும் நன்றி சொல்லிப் போகிறவர்கள் இங்கே சகஜம். செப்டம்பர் 5 ஆசிரியர் தினம் வந்தால் டீச்சருக்குப் பரிசு தேடி மாணவர்கள் வருவார்கள். அந்த நாளுக்குக் காரணமான ராதாகிருஷ்ணன் 1888-ல் பிறந்ததே பக்கத்துத் திருத்தணியில்தான் என்று சொல்லிக் கொடுப்பதில் கடைக்காரருக்குத் தனிப் பெருமை.

கவலையும் இருக்கிறது. செல்போனில் தட்டினால் தள்ளுபடியோடு வீட்டுக்கே புத்தகம் வருகிறது. ஒரே ஒரு புத்தகத்தை வரவழைத்தால் கூரியர் செலவே அவருடைய கழிவை விழுங்கிவிடும். புத்தகங்களைக் குறைந்த செலவில் அனுப்ப உதவிய பதிவுப் புத்தகத் தபாலை அஞ்சல் துறை 2024 டிசம்பரில் நிறுத்தியபோது, சிறு பதிப்பாளர்களும் விற்பனையாளர்களும் தவித்துப் போனார்கள். 2025 மே 1 முதல் 'ஞான் போஸ்ட்' வந்தது. 300 கிராம் வரை 20 ரூபாய், 5 கிலோ வரை 100 ரூபாய், வரி தனி என்ற கட்டணத்தில் அது தொடங்கியது. கொஞ்சம் மூச்சு விட முடிகிறது.

ஆனால் தபாலால் மட்டும் கடை நிற்காது. போன தடவை என்ன வாங்கினோம், வீட்டில் யார் படிக்கிறார்கள், யாருக்குக் கண் மங்கல் என்பதெல்லாம் கடைக்காரருக்கு மனப்பாடம். "இது உங்களுக்குப் பிடிக்கும், எடுத்துட்டுப் போங்க, காசு அப்புறம் குடுங்க" என்று ஆளைப் பார்த்துச் சொல்ல அவரால்தான் முடியும்.

உங்கள் ஊரிலும் அப்படி ஒரு கடை இருக்கும். அடுத்த புத்தகத்துக்குச் செல்போனை எடுக்கும் முன், அங்கே போய் "இது வருமா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். இல்லையென்றாலும் வரவழைத்துத் தருவார். நாளைக்கும் அந்தக் கடை திறந்திருக்க அந்த ஒரு கேள்வி உதவும்.