அளந்த பிறகு பிஸ்டன், அதற்குப் பிறகு போரிங்

பழைய புல்லட் புகை விடுகிறது என்று பட்டறையில் கொண்டுபோய் நிறுத்தினால், இறங்குவதற்குள் பதில் வந்துவிடும்: "போர் பண்ணிடலாம் சார்." சில வண்டிகளுக்கு அது சரி. சில வண்டிகளுக்குத் தண்டச் செலவு. எது எதற்கு என்பதை வீட்டு வாசலிலேயே கண்டுபிடிக்க முடியும்.

காற்றால் குளிரும் இன்ஜினை வீட்டில் பிரித்துப் புதுப்பிப்பது என்றால் வெளிநாட்டில் பீட்டில் காரைத்தான் சொல்வார்கள். அந்த இன்ஜினைக் கியர்பாக்ஸோடு பிடித்திருப்பது நான்கே போல்ட்டுகள். நம் ஊரில் பீட்டில் அபூர்வம். அந்த இடத்தில் நமக்கு இருப்பது வார்ப்பிரும்பு சிலிண்டர் புல்லட். 1955-ல் மெட்ராஸில் என்ஃபீல்டு இந்தியா தொடங்கியது. திருவொற்றியூரில் தொழிற்சாலை வந்தது. இங்கிலாந்தில் தாய்க் கம்பெனியே 1970-ல் நின்றுபோனது. இங்கே அதே 346 சிசி, 70 மி.மீ. துளை, 90 மி.மீ. ஸ்ட்ரோக் அரை நூற்றாண்டுக்கும் மேல் ஓடியது. ஜி.பி. ரோட்டில் இன்றும் பிஸ்டன் கிடைப்பதற்கு அதுதான் காரணம்.

ரேடியேட்டர் இல்லை, தண்ணீர் பம்ப் இல்லை. ஹெட்டைத் தூக்கி, சிலிண்டரை உருவினால் பிஸ்டன் கண்ணெதிரே நிற்கும்.

ஆனால் ஸ்பேனரை எடுப்பதற்கு முன்னால் ஆயிலைப் பாருங்கள். மாங்காட்டில் எங்கள் தெருவில் ஒரு வீட்டில், அப்பா விட்டுப்போன புல்லட்டை இரும்பு விலைக்குப் போட இருந்தார்கள். காலையில் ஸ்டார்ட் செய்தால் தெருவே வெள்ளையாகிவிடும். போரிங், பிஸ்டன், கூலி எல்லாம் சேர்த்துப் பட்டறையில் சொன்ன தொகையைக் கேட்டதும் அந்த அம்மா "வேண்டாம்ப்பா, வித்துடு" என்றுவிட்டார். பையன் மட்டும் ஒன்றைக் கவனித்திருந்தான். பத்து நிமிஷம் ஓடினால் புகை நின்றுவிடுகிறது.

புல்லட்டில் ஆயில் தனி அறையில் இருக்கும். பம்ப் அதை இன்ஜினுக்குள் அனுப்பி, திரும்ப இழுத்துக்கொள்ளும். பம்ப் தேய்ந்திருந்தால், வண்டி நாள்கணக்கில் நிற்கும்போது ஆயில் மெல்லக் கசிந்து கிராங்க்கேஸில் இறங்கிவிடும். ஸ்டார்ட் செய்ததும் அது எரிந்து புகையும். அளவுகோலை ஓட்டுவதற்கு முன்னால் ஒரு தடவை, பத்து நிமிஷம் ஓட்டிய பிறகு ஒரு தடவை பாருங்கள். ஓட்டிய பிறகு அளவு ஏறியிருந்தால் குற்றவாளி பம்ப். அந்த வீட்டில் அதுதான் நடந்தது. வண்டி இன்னும் அதே வாசலில்தான் நிற்கிறது.

சூடான பிறகும் நீலப்புகை தொடர்ந்தால், கிக்கர் மிதிக்கும்போது எதிர்ப்பே இல்லாமல் கால் இறங்கினால், பிரிக்கத்தான் வேண்டும். சுத்தம் செய்ய மண்ணெண்ணெய் போதும். பெட்ரோல் வேண்டவே வேண்டாம், அடுப்பும் பூஜை விளக்கும் இருக்கிற வீடு இது. கழற்றும் ஒவ்வொன்றையும் மொபைலில் படம் எடுங்கள். இரண்டு புஷ்ராடுக்கும் எது எந்தப் பக்கம் என்று சீட்டு கட்டுங்கள். சிலிண்டரைத் தூக்கும்போதே கிராங்க்கேஸ் வாயில் சுத்தமான துணியை அடைத்துவிடுங்கள். உள்ளே விழுந்த சின்ன சர்க்கிளிப் ஒன்று முழு இன்ஜினையும் பிரிக்க வைக்கும். பிஸ்டன் பின் வர மறுத்தால் சுத்தியலை எடுக்காதீர்கள். கொதிக்கும் நீரில் நனைத்த துணியைப் பிஸ்டனில் சுற்றினால், அலுமினியம் விரிந்து பின் தானே நழுவும்.

இப்போது அளவு. ரிங் ஒன்றைச் சிலிண்டரின் அடிப்பகுதியில் வைத்து, பிஸ்டனால் தள்ளி நேராக்குங்கள். அங்கே ரிங் உரசுவதில்லை, அதனால் தேய்மானமும் இல்லை. முனைகளுக்கு நடுவே உள்ள இடைவெளியை ஃபீலர் கேஜால் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். பிறகு அதே ரிங்கை மேலே, நகத்தில் இடறுகிற விளிம்புக்குச் சற்றுக் கீழே வைத்து அளக்கவும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை 3.14-ஆல் வகுத்தால் துளையின் தேய்மானம். இடைவெளி 0.63 மி.மீ. கூடியிருந்தால் துளை 0.2 மி.மீ. தேய்ந்திருக்கிறது. அந்த அளவை எட்டினால் போரிங்தான் என்பது என் கணக்கு. பள்ளிக்கூட வட்டச் சுற்றளவு கணக்கு இங்கே பணத்தை மிச்சப்படுத்துகிறது! சிலிண்டர் முட்டை வடிவத்தில் தேய்ந்திருப்பதை மட்டும் இந்த வழி காட்டாது. அதற்கு லேத் பட்டறையின் போர் கேஜ் வேண்டும்.

அளவு தெரிந்த பிறகு, அதற்கேற்ற ஓவர்சைஸ் பிஸ்டனை முதலில் வாங்குங்கள். சிலிண்டரையும் பிஸ்டனையும் சேர்த்தே அம்பத்தூருக்கோ பூந்தமல்லிக்கோ கொண்டுபோங்கள். பிஸ்டனை அளந்து, அதற்குத் தக்கபடிதான் துளையைக் குடைய வேண்டும். "இது காற்றில் குளிரும் வண்டி" என்று சொல்லிக் கொடுங்கள். தண்ணீர் இன்ஜினுக்கு விடுகிற இடைவெளியை இதற்கு விட்டால், சூட்டில் பிஸ்டன் விரிந்து பிடித்துக்கொள்ளும்.

கனெக்டிங் ராடை மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். பக்கவாட்டில் லேசாக ஆடலாம். மேலும் கீழும் ஆடினால் கிராங்க்கைப் பிரித்தாக வேண்டும். அது வீட்டு வேலை அல்ல. பிரஸ்ஸும் அனுபவமுள்ள கையும் உள்ள இடத்துக்குப் போகட்டும்.

பூட்டும்போது சர்க்கிளிப் புதிது, ரிங் வாய்கள் ஒரே வரிசையில் வரக்கூடாது. பிறகு மாங்காடு அம்மன் கோயில் வாசலில் எலுமிச்சம்பழம் நசுக்கிவிட்டு நேராகப் பூந்தமல்லி சாலை நெரிசலில் போய் நிற்காதீர்கள். பீட்டிலுக்குக் காற்றடிக்க விசிறி உண்டு, ஆட்டோவுக்கும் உண்டு. புல்லட்டுக்கு ஓடினால்தான் காற்று. வாசலில் நிறுத்தி மணிக்கணக்கில் ஐடிலிங் விடுவதும் அதனால்தான் தவறு. விடியற்காலையில் வெளிவட்டச் சாலைப் பக்கம் போங்கள். முதல் 500 கிலோமீட்டருக்கு முறுக்கவும் வேண்டாம், டாப் கியரில் திணறவிடவும் வேண்டாம். வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் ஓட்டிவிட்டு, ஆயிலை மாற்றிவிடுங்கள். வடித்த ஆயிலை வெள்ளைத் துணியில் ஊற்றிப் பார்த்தால் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியும்.