அட்டையில் ஏன் அந்த நாற்காலி இல்லை?



இந்த இதழ் அட்டைக்குன்னு தம்பி ஒருத்தன் ஒரு படம் கொண்டுவந்தான். 1967இல் எடுத்தது. அகலமான பிரம்பு நாற்காலி. அதில் கறுப்புச் சிறுத்தைகள் கட்சியின் ஹியூ நியூட்டன். ஒரு கையில் துப்பாக்கி, மறு கையில் ஈட்டி. "இதப் போட்டா பாக்குறவன் அதிர்ந்துபோவான்ணே" என்றான். அதிர்வான்தான். ஆனாலும் வேணாம்னு முடிவெடுத்தோம். ஏன்னு சொல்லத்தான் இந்தப் பக்கம்.

அறுபதுகளைக் கலகத்தின் பத்தாண்டு என்று கொண்டாடுகிறார்கள். கலகம்தான், யாரு இல்லேன்னா? அப்பனுக்கும் அரசுக்கும் பாதிரிக்கும் கட்டுப்பட மாட்டோம் என்று 1967 கோடையில் சான் பிரான்சிஸ்கோவின் ஹெயிட்-ஆஷ்பரி தெருக்களில் பல்லாயிரம் வெள்ளைப் பிள்ளைகள் வந்து குவிந்தார்கள். அதே வருஷம் சிறையிலிருந்து வெளியே வந்த சார்லஸ் மேன்சன் அங்கேதான் சீடர்களைப் பிடித்தான். அப்பன் பேச்சைக் கேட்காத பிள்ளைகள், 1969 ஆகஸ்டில் அவன் பேச்சைக் கேட்டுக் கொலை செய்தார்கள். பழியைக் கறுப்பர் மேல் போட்டு இனப்போர் மூட்டுவதே அவன் திட்டம் என்று வழக்கில் அரசுத் தரப்பு சொன்னது.

பழைய நாற்காலிகளைக் கவிழ்த்தவர்கள் ஒன்றை மட்டும் காலியாக விட்டுவைத்தார்கள். யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம்.

எழுபதுகளில் அதே நகரத்தில் உட்கார்ந்தவன் ஜிம் ஜோன்ஸ் என்ற வெள்ளைப் பாதிரி. நிறபேதமில்லாத ஊர் கட்டுவோம் என்று சனங்களைக் கயானா காட்டுக்குக் கூட்டிப்போனான். 1978 நவம்பர் 18இல் 900 பேருக்கு மேல் அங்கே நஞ்சில் செத்தார்கள். பெரும்பாலோர் கறுப்பர்கள். ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு சிறுவர்கள். தற்கொலை என்று எழுதினார்கள். கைக்குழந்தை எங்கேய்யா தற்கொலை செய்துகொள்ளும்? அந்தச் சனங்கள் முட்டாள்களும் இல்லை. காலமெல்லாம் அவமானப்பட்டவனைப் பக்கத்தில் உட்காரவைத்து முதல்முதலாக ஒருத்தன் மரியாதை கொடுத்தால், அவன் பின்னாலேயே போகத்தான் தோணும். நமக்கு இது தெரியாதா என்ன?

வளைகுடாவின் மறு கரை ஓக்லாந்து. 1966இல் சிறுத்தைகள் தோன்றிய ஊர். 1967 அக்டோபரிலிருந்து 1970 ஆகஸ்ட் வரை நியூட்டன் சிறையில். அந்த மூணு வருஷத்தில்தான் கட்சி நாடெங்கும் பரவியது. 1969 ஜனவரியில் ஒரு தேவாலயத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவசக் காலை உணவு தொடங்கினார்கள். விடியுமுன் எழுந்து சமைத்த, தட்டு கழுவிய பெண்கள் எத்தனையோ பேர். எஃப்.பி.ஐ. தலைவன் ஹூவர் அஞ்சியது நாற்காலிக்கு அல்ல, இந்தத் தட்டுக்கு.

வெளியே வந்த நியூட்டனுக்கு 'உச்சத் தளபதி' என்று பட்டம். அல்ஜீரியாவிலிருந்த கிளீவருக்கும் அவருக்கும் நடுவே எஃப்.பி.ஐ. பொய்க் கடிதங்களை அனுப்பிச் சண்டை மூட்டியது. 1971இல் கட்சி உடைந்தது. அவன் சூழ்ச்சி பலித்தது எப்படி? ரெண்டு பேரைப் பிரித்தால் எல்லாரும் பிரிவார்கள் என்று அவனுக்குத் தெரியும். அந்த வசதியை நாமேதான் எதிரிக்குச் செய்துகொடுக்கிறோம். 1989இல் நியூட்டன் ஓக்லாந்துத் தெருவிலேயே சுடப்பட்டுச் செத்தார்.

சிறுத்தை என்ற பேரை அங்கிருந்து எடுத்துத்தான் 1972இல் மும்பையில் தலித் சிறுத்தைகள் எழுந்தார்கள். 1974இல் நாம்தேவ் தசால் ஒரு பக்கம், ராஜா தாலே மறு பக்கம். அரசியலில் பக்தி சர்வாதிகாரத்தில் கொண்டுபோய் விடும் என்று 1949 நவம்பர் 25இல் அரசியல் நிர்ணய சபையில் எச்சரித்தவர் அம்பேத்கர். அவர் படத்துக்கே சூடம் காட்டுகிற சனம் நாம்.

நானும் யோக்கியனில்லை. ஒரு கூட்டத்தில் தலைவர் என் தோளில் கைபோட்டார் என்று வங்கியில் மூணு நாள் எல்லாரிடமும் சொல்லித் திரிந்தவன்தான்.

தலைமையே வேண்டாம் என்று சொல்லவில்லை. தலைவரிடம் கணக்குக் கேட்கணும், மறுத்துப் பேசணும், பேசியவன் மறுநாளும் இயக்கத்தில் இருக்கணும். தலைவர் சிறைக்குப் போனாலும் தட்டில் சோறு விழணும்.

அதனால் அட்டையில் ஒரு தட்டு. தம்பிக்கு வருத்தம்தான். அடுத்த இதழில் எங்களை மறுத்து எழுதச் சொல்லியிருக்கிறோம். நீங்களும் எழுதுங்கள்.